‘ஹேப்பியஸ்ட் சீஸன்’ படத்தை நம் ஆட்களே ஏன் திட்டுகிறார்கள்?

கேள்வி, 2024 டிசம்பர் 21

‘ஹேப்பியஸ்ட் சீஸன்’ என்ற ஹாலிவுட் கிறிஸ்துமஸ் காதல் படத்தை இப்போதுதான் பார்த்தேன். பிடித்திருந்தது. இரண்டு பெண்கள் காதலிக்கிறார்கள், யாரும் சாகவில்லை, கடைசியில் சேர்ந்தும் விடுகிறார்கள். இதைப் போய் ஏன் தன்பாலீர்ப்புள்ள நம் ஆட்களே இந்தப் போடு போடுகிறார்கள்? அதில் ஒருத்தி, ஹார்ப்பர், தன்னைப் பற்றி வீட்டில் சொல்லப் பயந்தாள். இங்கே யார்தான் பயப்படவில்லை?

டிசம்பர் 21, இரவு

திட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி, அதனால் நானே ஆரம்பிக்கிறேன்.

பயந்ததற்காக ஹார்ப்பர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. பயப்படாமல் வீட்டில் சொன்ன ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. என் கோபம் அந்தக் கார் காட்சியில் ஆரம்பிக்கிறது. பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: ஆபிக்கு (கிறிஸ்டன் ஸ்டூவர்ட்) 19 வயதில் அப்பா அம்மா இருவரும் இறந்துவிட்டார்கள். அதிலிருந்து கிறிஸ்துமஸ் என்றாலே ஆகாது. காதலி ஹார்ப்பர் (மெக்கென்சி டேவிஸ்) ஒரு உற்சாகத்தில் ‘இந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு வா’ என்று கூப்பிட்டுவிடுகிறாள். ஆபி மோதிரம் வாங்கி வைத்துக்கொண்டு கிளம்புகிறாள். ஹார்ப்பரின் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பண்டிகையன்று காலையில் ப்ரொபோஸ் பண்ணுவது என்று திட்டம். ஊரை நெருங்கும்போதுதான் ஹார்ப்பர் வாயைத் திறக்கிறாள். வீட்டில் சொல்லிவிட்டேன் என்று சொன்னதே பொய்யாம். அப்பா மேயர் தேர்தலில் நிற்கிறார், அதனால் ‘நீ என் ரூம்மேட், உனக்கும் பையன்களைத்தான் பிடிக்கும் என்று நடி’ என்கிறாள்.

கிளம்பும் முன் சொல்லியிருந்தால் ஆபி வரலாம், வராமலும் இருக்கலாம். பாதி வழியில் சொன்னால் என்ன செய்வாள்? இறங்கி நடப்பாளா? இயக்குநருக்கு இது காமெடிக்கான முடிச்சு. எனக்கு அந்த இடத்திலேயே சிரிப்பு நின்றுவிட்டது.

டிசம்பர் 22

‘படத்தின் முடிவைச் சொல்லிவிட்டீர்களே’ என்று ஒருவர் கோபித்திருக்கிறார். 2020இல் வந்த படம். தவிர, கேள்வியிலேயே ‘சேர்ந்தும் விடுகிறார்கள்’ என்று இருக்கிறது. கேள்வி கேட்டவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

டிசம்பர் 22, மாலை

இது ரொமான்டிக் காமெடி. நமக்குக் காதல் தெரிய வேண்டும், இல்லையா? இவர்கள் சந்தித்தது, பழகியது, சேர்ந்து வாழ ஆரம்பித்தது எல்லாம் டைட்டில் ஓடும்போது வரைந்த படங்களாக வந்து போய்விடுகின்றன. அதற்கப்புறம் விளக்கு அலங்காரம் பார்க்கப் போன இடத்தில் இருவரும் யாரோ ஒருவருடைய வீட்டுக் கூரைமேல் ஏறி, மாட்டிக்கொண்டு, விழுந்தடித்து ஓடும் ஒரு காட்சி. அது நன்றாகவே இருக்கிறது. இருவரும் ஒருவரை ஒருவர் ரசிப்பது அங்கே தெரிகிறது. அதன்பிறகு படம் முழுக்க ஒருத்தி கெஞ்சுகிறாள், இன்னொருத்தி ‘இன்னும் கொஞ்ச நாள்தான்’ என்கிறாள்.

ஆபிக்குக் கீழ்த்தளத்தில் படுக்கை போடுகிறார்கள். ‘பாவம், அனாதைப் பெண்’ என்று அவள் காதுபடவே திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள். ஹார்ப்பரின் அக்காவுடைய இரட்டைக் குழந்தைகள் கடையில் ஒரு நெக்லஸை எடுத்து இவள் பையில் போட்டுவிட, செக்யூரிட்டிக்காரர்கள் திருடி என்று பிடித்து உட்கார வைத்து விசாரிக்கிறார்கள். ஹார்ப்பரோ பழைய பாய்ஃப்ரெண்டோடு பாரில் இரவு வெகுநேரம் இருந்துவிட்டு வருகிறாள். ஆபி கேட்டால் மூச்சு முட்டுகிறது என்கிறாள்.

இத்தனையும் ஒரு பையன் ஒரு பெண்ணுக்குச் செய்தால் அந்தப் படத்துக்கு என்ன பெயர் வைப்போம்? ரொமான்டிக் காமெடி என்றா?

டிசம்பர் 23

ரைலியைப் பற்றி எழுதாமல் தூங்க முடியாது.

ஆப்ரி பிளாசா நடித்த பாத்திரம். ஹார்ப்பரின் பள்ளிக்கால ரகசியக் காதலி. ரைலி கொடுத்த காதல் கடிதம் மற்றவர்கள் கண்ணில் பட்டதும் ஹார்ப்பர் என்ன செய்தாள்? ‘அவள் லெஸ்பியன், என்னை விடாமல் தொல்லை செய்கிறாள்’ என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். ரைலி இதை ஆபியிடம் ரொம்ப நிதானமாக, குரலை உயர்த்தாமல் சொல்கிறாள். முழுப் படத்திலும் ஒரு பெண் இன்னொரு பெண் சொல்வதை முழுதாகக் காது கொடுத்துக் கேட்பது இந்த இருவரின் காட்சிகளில்தான். பாரில் பெண் வேஷமிட்ட ட்ராக் கலைஞர்கள் பாடுகிறார்கள், ஆபி முதல் தடவையாகத் தோளை இறக்கிச் சாதாரணமாக உட்கார்ந்திருக்கிறாள். படம் பார்த்தவர்களில் பாதிப் பேர் ‘ரைலியோடு போயிடு தாயே’ என்று இணையத்தில் கதறியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இதில் ஒரு விஷயம் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. ரைலியின் கதையை எழுதியதும் இதே இயக்குநர்தான். அதாவது ஹார்ப்பர் பயந்தால் பக்கத்தில் இருப்பவரைத் தள்ளிவிட்டுத்தான் தப்பிப்பாள் என்று படத்துக்கே தெரியும். தெரிந்தும், உச்சக்கட்டத்தில் அக்கா எல்லார் முன்னாலும் உண்மையைப் போட்டு உடைக்கும்போது, ஹார்ப்பர் ஆபி நிற்கும்போதே ‘பொய், நான் அப்படி இல்லை’ என்கிறாள். பள்ளிக்கூடத்தில் நடந்தது மறுபடி வீட்டு ஹாலில் நடக்கிறது. அதற்கப்புறம் ஒரு பெட்ரோல் பங்கில் பேசிச் சமாதானம். அடுத்த கிறிஸ்துமஸுக்குள் நிச்சயதார்த்தமே முடிந்துவிடுகிறது.

டிசம்பர் 23, இன்னும் கொஞ்சம்

ரைலியின் கோட்டுகளைப் பற்றித் தனி இழை வேண்டும் என்று கேட்டவருக்கு: தாராளமாகத் தொடங்குங்கள், முதல் ஆளாக வருகிறேன்.

டிசம்பர் 25

‘ஜான் பேசும் வசனம் உங்களுக்கான பதில்தானே’ என்கிறார் ஒருவர். டேன் லெவி நடித்த, ஆபியின் நண்பன் பாத்திரம். படம் முழுக்க நக்கலடித்துக்கொண்டிருப்பவன் அங்கே மட்டும் நின்று பேசுகிறான். அவன் தன்னைப் பற்றி வீட்டில் சொன்னபோது அப்பா அவனை வீட்டைவிட்டே துரத்திவிட்டார், 13 வருஷம் பேசவில்லை. ஆபியின் பெற்றோர் அன்பாக ஏற்றுக்கொண்டார்கள். ஒவ்வொருவர் கதையும் ஒரு மாதிரி. சொல்வதற்கு முந்தைய அந்த நொடியில் இருக்கும் பயம் மட்டும் எல்லாருக்கும் ஒன்று.

நல்ல வசனம். எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை. ஆனால் அவன் பதில் சொல்கிற கேள்வி வேறு. ‘ஏன் இன்னும் வீட்டில் சொல்லவில்லை’ என்று ஆபி கேட்டிருந்தால் இது சரியான பதில். ‘என்னிடம் ஏன் பொய் சொன்னாள்’ என்பதற்கு இதில் பதில் எங்கே இருக்கிறது? அந்த வசனம் முடிந்ததும் ஆபிக்குக் கோபப்படும் உரிமையே போய்விடுகிறது. அவளே எங்கேயோ புரிந்துகொள்ளாமல் போனவள் மாதிரி ஆகிவிடுகிறாள்.

டிசம்பர் 26

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு தோழி தனியாகக் கேட்டாள்: ‘உனக்கு ஏன் இவ்வளவு சூடு?’

சரி, சொல்கிறேன். நானும் ரூம்மேட்டாகப் போயிருக்கிறேன். மயிலாடுதுறைப் பக்கம், அப்போது நான் சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தவளின் தம்பி கல்யாணம். ‘ஆபீஸ் ஃப்ரெண்ட், ஒரே வீட்டில் இருக்கோம், வாடகை பாதிப் பாதி.’ எல்லாம் நிஜம்தான், ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. முதல் நாள் ராத்திரி மண்டபத்து மாடி அறையில் பெரியம்மா, அத்தை, சித்தி வரிசையில் எனக்கும் ஒரு ஜமக்காளம். அவளுக்கு மறுகோடியில். ‘உனக்கு எப்பம்மா?’ என்ற கேள்வி இட்லிக்கு முன்னால் வந்துவிட்டது. ஒரு அத்தை பெங்களூரில் இருக்கும் ஒரு பையனின் ஜாதகத்தையே எடுத்துவிட்டார். அப்போது சத்தமாகச் சிரித்தது யார் தெரியுமா? என் ஆள்தான்.

மேடையில் போட்டோ எடுக்கும்போது போட்டோகிராபர் ‘ஃபேமிலி மட்டும், ஃபேமிலி மட்டும்’ என்று கத்தினார். எழுந்து போகிற அவசரத்தில் அவள் அம்மா தன் ஹேண்ட்பேகை என் மடியில் வைத்துவிட்டு, ‘நகை இருக்கு கண்ணு, நகராம உக்காந்துக்கோ’ என்றார். அத்தனை பேர் கூடியிருந்த மண்டபத்தில் பெண் வீட்டுக்குப் போட வேண்டிய நகையை நம்பிக் கொடுக்க அவருக்குக் கிடைத்த ஆள் நான். பெருமையாக இருந்தது. அதே சமயம் எழுந்து எங்கேயாவது போய்விடலாம் போலவும் இருந்தது. நகை இருந்ததால் போக முடியவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவள் இதை முன்கூட்டியே சொல்லியிருந்தாள். சென்னையில், எங்கள் அடுக்களையில் நின்றுகொண்டு, ‘இப்படித்தான் இருக்கும், உன்னால முடியலன்னா வராதே, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்’ என்றாள். யோசித்துத்தான் போனேன். வலித்தது, அது வேறு. ஆனால் யாரும் என்னை ஏமாற்றிக் கூட்டிப் போகவில்லை. ஹார்ப்பருக்கும் அவளுக்கும் பயம் ஒன்றுதான். ஒருத்தி தன் பயத்தை முன்னாலேயே காட்டிவிட்டு என் விருப்பத்தைக் கேட்டாள். இன்னொருத்தி தான் பயந்ததற்கான பில்லை ஆபியிடம் நீட்டினாள், அதுவும் சாப்பிட்டு முடித்த பிறகு.

டிசம்பர் 27

‘இப்போது சேர்ந்து இருக்கிறீர்களா?’ என்று நான்கைந்து பேர் கேட்டாயிற்று. இல்லை. காரணம் கல்யாணமும் இல்லை, நகையும் இல்லை. படத்துக்கு வருவோம்.

டிசம்பர் 28

ஒரு வாதம்: ‘அமெரிக்காவில் 2015இலேயே தன்பாலினத் திருமணம் நாடு முழுக்கச் சட்டமாகிவிட்டதே, ஹார்ப்பருக்கு என்ன பயம், இதெல்லாம் பணக்கார வீட்டு நாடகம்.’

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீதிமன்றம் சொன்னது சாப்பாட்டு மேசைவரை வந்து சேரச் சில வீடுகளில் ஒரு தலைமுறை ஆகும். நம் ஊரிலும் 2018 செப்டம்பர் 6 அன்று, தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு விஷயத்தில், அது குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தது. அதற்கப்புறமும் மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் சென்னைக்கு ஓடிவந்து, போலீஸ் தொந்தரவு செய்யக்கூடாது என்று உயர் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருந்தது. 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவு அந்த வழக்கில்தான். தன்பாலீர்ப்பை மாற்றுகிறோம் என்று ‘மாற்று சிகிச்சை’ என்ற பெயரில் நடக்கும் கொடுமைகளுக்குத் தடை போட்டதும் அதில்தான். பயம் எங்கேயும் நிஜம். ஹார்ப்பரின் வீட்டில் பிள்ளைகளை மெடல் வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள், முதலிடம் போனால் அன்பு போய்விடும் என்று அவள் நம்புகிறாள். அந்தப் பகுதியைப் படம் சரியாகவே காட்டியிருக்கிறது.

டிசம்பர் 29

பழைய படங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். மறைத்து நடிக்கும் காமெடி இவர்கள் கண்டுபிடித்ததில்லை. 1978இல் வந்த பிரெஞ்சுப் படம் ‘லா காஜ் ஓ ஃபோல்’, அதையே 1996இல் மைக் நிக்கோல்ஸ் ‘தி பேர்ட்கேஜ்’ என்று எடுத்தார். மகனுக்குப் பெண் கொடுக்கப்போகும் சம்பந்தி வீட்டுக்கு வருகிறார், அவர் ஒரு பழமைவாத செனட்டர். ராபின் வில்லியம்ஸும் நேதன் லேனும் வாழ்நாள் ஜோடி, ஒரு ராத்திரிக்குச் ‘சாதாரணக் குடும்பம்’ ஆக வேண்டும். அங்கேயும் அவமானம் இருக்கிறது. நேதன் லேன் ஆண்பிள்ளை மாதிரி நடந்து பழகும் காட்சியில் சிரித்துக்கொண்டே இருக்கும்போது தொண்டை அடைக்கும். ஆனால் போகப் போக ஜோக் யார் தலையில் விடிகிறது? செனட்டர் தலையில். கடைசியில் பத்திரிகைக்காரர்களிடமிருந்து தப்பிக்க அந்த மனிதர் பெண் வேஷம் போட்டுக்கொண்டு கிளப்பை விட்டு வெளியே போகிறார். இங்கே மேயர் வேட்பாளர் அப்பாவின் கோட்டில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அடி எல்லாம் ஆபிக்குத்தான்.

2004இல் ஆலிஸ் வூ எடுத்த ‘சேவிங் ஃபேஸ்’ பார்க்காதவர்கள் தயவுசெய்து பாருங்கள். நியூயார்க்கில் ஃப்ளஷிங் பகுதிச் சீனக் குடும்பங்கள். வில் ஒரு சர்ஜன், விவியன் நடனக்காரி. வில்லின் அம்மா 48 வயதில், கணவனில்லாமல், கர்ப்பமாகி மகள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். தகப்பன் யார் என்று சொல்ல மாட்டேன் என்கிறார். அதாவது மறைப்பது மகள் மட்டும் இல்லை, அம்மாவும்தான். இதைவிட நல்ல காமெடி முடிச்சு வேண்டுமா? வில்லும் ஹார்ப்பரைப் போலவே கோழைதான். விமான நிலையத்தில், எல்லார் முன்னாலும் தனக்கு ஒரு முத்தம் கொடு என்று விவியன் கேட்கிறாள். வில்லால் முடியவில்லை. விவியன் பாரிஸுக்குப் போய்விடுகிறாள். அவ்வளவுதான். அவள் பயந்தாள், அவளே இழந்தாள். அப்புறம் ஊர் கூடும் நடனத்தில் எல்லார் கண்ணும் பார்க்க வில் நடந்து போய் விவியன் முன் நிற்கும்போது, சிலர் முகம் சுளித்து எழுந்து போகிறார்கள். போகட்டும் என்று படம் விட்டுவிடுகிறது. எல்லாரையும் திருத்தி உட்கார வைக்கவில்லை.

டிசம்பர் 29, இரவு

ஒன்று விட்டுப்போச்சு. ‘ஹேப்பியஸ்ட் சீஸன்’ இயக்குநர் க்ளியா டூவால் நடிகையும்கூட. 1999இல் ஜேமி பாபிட் எடுத்த ‘பட் ஐம் எ சியர்லீடர்’ படத்தில் கிரஹாம் என்ற பெண்ணாக நடித்தவர். தன்பாலீர்ப்பைத் ‘திருத்தும்’ முகாமுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய கிண்டல் படம். அதில் அப்பா கைவிட்டுவிடுவார் என்று பயந்து, காதலி வெளியேற்றப்படும்போது கூடப் போகாமல் முகாமிலேயே தங்கிவிடுபவள் இந்த கிரஹாம்தான். அப்பாவுக்குப் பயந்த பெண்ணைத் தானே நடித்துப் பார்த்தவர், 21 வருஷம் கழித்து அதே பயத்தை எழுதும்போது இவ்வளவு பட்டும்படாமல் ஏன் எழுதினார் என்பதுதான் எனக்கு விளங்காத இடம். தன் வாழ்க்கையிலிருந்து எடுத்த கதை என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒருவேளை அதனாலேயே ஹார்ப்பரைக் கண்டிக்க மனசு வரவில்லையோ என்னவோ.

2025 ஜனவரி 3

பாராட்டே கிடையாதா என்கிறீர்கள். ஜேன்! நடு மகள், ஃபேண்டஸி நாவல் எழுதிக்கொண்டே இருப்பவள், வீட்டில் யாரும் அவளை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. நடித்தவர் மேரி ஹாலண்ட், டூவாலோடு சேர்ந்து திரைக்கதை எழுதியவரும் அவரே. தனக்கு நல்ல பாத்திரம் எழுதிக்கொள்ளத் தெரிந்த மனுஷி. அப்பா அம்மாவை மயக்க வேண்டிய கவலை இல்லாத ஒரே பிள்ளை அவள்தான், அதனால் படத்தில் மூச்சு விடுகிற ஒரே பிள்ளையும் அவள்தான்.

ஜனவரி 5

‘குறை சொன்னால் அடுத்த படத்துக்கு யார் பணம் போடுவார்கள்?’ இது எல்லா இழையிலும் வரும், இங்கேயும் வந்துவிட்டது.

நிலவரத்தைப் பார்ப்போம். சோனியின் ட்ரைஸ்டார் நிறுவனம் தியேட்டருக்காக எடுத்த படம் இது. கொரோனாவால் ஹுலுவிடம் விற்றார்கள், 2020 நவம்பர் 25 அன்று அமெரிக்காவில் ஓடிடியில் வந்தது. பெரிய ஸ்டுடியோ ஒன்று தன்பாலின ஜோடியை வைத்து எடுத்த முதல் கிறிஸ்துமஸ் ரொமான்டிக் காமெடி என்றுதான் பேச்சு. அடுத்த ஆண்டு, பால்புதுமையினர் உரிமை அமைப்பான கிளாட் தரும் விருதும் வாங்கியது. 2022இல் ஆண் ஜோடியை வைத்து ‘ப்ரோஸ்’ என்ற ரொமான்டிக் காமெடி வந்தது, யூனிவர்சல் படம், தியேட்டரில் முதல் வார இறுதி வசூல் 48 லட்சம் டாலர்தான். படத்தில் நடித்து, எழுதியும் இருந்த பில்லி ஐக்னர், ஸ்ட்ரெய்ட் ஆட்கள், அதாவது எதிர்பாலீர்ப்புள்ளவர்கள், படம் பார்க்க வரவில்லை என்று ட்விட்டரிலேயே புலம்பினார். ஆகவே பயம் நியாயம்தான்.

ஆனால் ‘முதல் படம்’ என்ற பட்டத்தைக் காட்டி வாயை மூடச் சொல்வது எனக்கு ஒத்துவராது. ஸ்டுடியோ கிறிஸ்துமஸ் படம் என்றால் கடைசியில் குடும்பம் முழுக்க ஒன்றாக நின்றாக வேண்டும். அது எழுதப்படாத சட்டம். அந்தக் கட்டாயத்தால் அப்பா அம்மா இருவரும் சில நிமிஷத்தில் திருந்துகிறார்கள், தங்கையை முறைத்துக்கொண்டிருந்த அக்கா சிரிக்கிறாள், ஆபி திரும்பி வருகிறாள். குடும்பத்தைச் சேர்த்து வைக்கத்தான் ஆபி திரும்ப வேண்டியிருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அவளுக்கு இந்த வீட்டுக்குள் வர ஏன் இவ்வளவு ஆசை? அவளுக்குக் குடும்பம் இல்லை, அதனால். இதைப் படம் ஒரு தடவை தைரியமாகச் சொல்லியிருந்தால், நான் இந்த முடிவையே ஏற்றுக்கொண்டிருப்பேன்.

ஜனவரி 5, சற்று நேரம் கழித்து

இந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு யோசித்தேன். பெற்றோர் இல்லாத பெண்ணுக்கு, கூட்டமும் சண்டையுமாக ஒரு வீடு, அது எவ்வளவு மட்டமான வீடாக இருந்தாலும், ஒரு இழுப்பு இருக்கும். ஸ்டூவர்ட் அதைக் கண்ணில் வைத்து நடித்தும் இருக்கிறார், வசனம்தான் துணைக்கு வரவில்லை. அப்படிப் பார்த்தால் ஆபி ஹார்ப்பரை மன்னிப்பது எனக்குக் கொஞ்சம் புரிகிறது. ரைலியோடு போனால் அவளுக்கு நல்ல துணை கிடைக்கும், ஹார்ப்பரோடு போனால் மாமியார், மச்சினிகள், பண்டிகை எல்லாம் கிடைக்கும். மோசமான பேரம் என்று வெளியில் நின்று சொல்வது எனக்குச் சுலபம், எனக்கு அப்பா அம்மா இருக்கிறார்கள்.

கார் காட்சி மட்டும் இப்போதும் செரிக்கவில்லை.

ஜனவரி 12

கேள்வி கேட்டவர் வந்து ‘எல்லாம் படித்தேன், இருந்தாலும் எனக்குப் பிடித்திருக்கிறது’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். பிடிக்கட்டும். யாரும் சாகாத படம் என்று அவர் சொன்னதில் எவ்வளவு பசி இருக்கிறது என்று நமக்குத் தெரியாதா?

ஜனவரி 19

பொங்கல் லீவில் வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து பார்க்க ஒரு படம் கேட்டிருந்தவருக்குத் தாமதமான பதில். 2022இல் வந்த இந்திப் படம் ‘பதாய் தோ’. ராஜ்குமார் ராவ் போலீஸ்காரர், பூமி பெட்னேகர் பி.டி. டீச்சர், கதை டேராடூனில். இரண்டு பேருக்கும் தன்பாலீர்ப்பு, வீட்டுத் தொல்லை தாங்காமல் பேசி வைத்துக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறார்கள். மறைப்பதில் இருவருக்கும் சமபங்கு, இருவருக்கும் தெரிந்தே நடக்கிறது, அதனால் நிம்மதியாகச் சிரிக்கலாம். குழந்தைக்குச் செய்யும் பூஜையில் யார் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதை அம்மா கவனிக்கிறாரா என்று பாருங்கள். ‘சேவிங் ஃபேஸ்’ எடுத்த எடுப்பில் வேண்டாம், அதில் படுக்கையறைக் காட்சி ஒன்று உண்டு. போட்டே தீருவேன் என்றால் ரிமோட் உங்கள் கையில் இருக்கட்டும்.